நான்கு நிறங்களின் இலக்கணம்: ‘அலபாஸ்டர்’ நிறத்திட்டம் பற்றிய ஒரு நோக்கு

திறனாய்வு என்றதும் கவிதை, சிறுகதை, நாவல், நாடகம் என்பவற்றையே நினைத்துக்கொள்வது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. கலைப்பீட மாணவன் ஒருவன் கணினித் திரையில் எழுத்துக்கு இடப்படும் நிறங்களை ஆராய முற்படுவது சிலருக்கு விளையாட்டாகவும் சிலருக்கு அத்துமீறலாகவும் தோன்றக்கூடும். ஆயினும், எழுதப்பட்ட ஒன்றை மனிதன் எவ்வாறு வாசிக்கிறான் என்னும் வினா எழும் இடமெல்லாம் நமது துறைக்கும் உரிய இடமே. கணினிக்கான செய்நிரலும் எழுதப்படுவதே. இயந்திரம் அதனை நிறைவேற்றுவதற்கு முன்னும் பின்னும் அது மனிதரால் வாசிக்கப்படுகிறது, திருத்தப்படுகிறது, பிழையாக விளங்கிக்கொள்ளப்படுகிறது. அந்த வாசிப்புப் பற்றித் திட்டவட்டமான கொள்கையொன்றைத் தன்னகத்தே கொண்ட மிகச் சிறிய ஆக்கம் ஒன்று உண்டு. நிக்கிட்டா புரோகோபொவ் என்பார் ஆக்கிய ‘அலபாஸ்டர்’ என்னும் நிறத்திட்டமே அது. அதனை ஓர் ஆக்கமாகவே கொண்டு, அதன் உருவத்தையும் அது முன்வைக்கும் கருத்தையும் அதன் குறைபாட்டையும் நோக்குவதே இக்கட்டுரையின் எல்லை.

பொருளோடு பழக்கமில்லாதோருக்கு முதலில் ஒரு விளக்கம். செய்நிரலாளர் தமது செய்நிரலை எழுதப் பயன்படுத்தும் கருவி உரைத்தொகுப்பி எனப்படும். கடிதம், கட்டுரை முதலியன தட்டச்சிடும் மென்பொருளில் ஒரு சொல்லைத் தடித்த எழுத்தாக மாற்றினால் அத்தடிப்பும் கோப்போடு சேர்ந்து செல்லும். உரைத்தொகுப்பியில் அவ்வாறன்று. கோப்பில் இருப்பது வெறும் எழுத்து மாத்திரமே. திரையில் தோன்றும் சிவப்பும் நீலமும், அவ்வெழுத்தைத் தொகுப்பி இலக்கணப்படி பகுத்து, ‘இஃது எண், இது பெயர், இது மேற்கோட்குறிக்குள் அடங்கிய சொற்றொடர்’ என இனங்கண்டு அவ்வப்போது பூசுபவை. ஒரே கோப்பை நான் ஒரு நிறத்திலும் என் நண்பர் வேறொரு நிறத்திலும் காணலாம். கோப்பில் ஓர் எழுத்தும் மாறுவதில்லை. எந்த இலக்கணக் கூறுக்கு எந்த நிறம் என வகுத்துரைக்கும் பட்டியலே நிறத்திட்டமாகும். ஆகவே நிறம் எழுதியவனுக்கு உரியதன்று, வாசிப்பவனுக்கு உரியது. இவ்வேறுபாட்டை மனங்கொள்ளாது நிறத்திட்டம் பற்றிப் பேசுதல் பயனற்றது.

இவ்வழக்கத்தின் தொடக்கமும் நமக்கு முற்றிலும் அந்நியமான இடத்தில் இல்லை. எழுத்தை இலக்கணப்படி பகுத்து நிறமூட்டிய மிகப் பழைய தொகுப்பிகளுள் ஒன்று ‘லெக்ஸ்’ என்பது. ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த மைக் கௌலிஷோ 1985ஆம் ஆண்டளவில் அதனை ஆக்கினார். அது முதலிற் பயன்பட்டது ஒக்ஸ்போட் ஆங்கில அகராதியைக் கணினிமயப்படுத்தும் பெரும் பணியிலேயாகும். ஓர் அகராதிப் பதிவில் தலைச்சொல், உச்சரிப்பு, சொற்பிறப்பு, பொருள், காலவரிசையில் மேற்கோள்கள் என்பன ஒன்றையொன்று நெருக்கி நிற்கும். அச்சில் அவற்றைப் பிரித்துக் காட்டப் பலவகை எழுத்துருக்கள் இருந்தன. கணினித் திரையில் அவற்றின் இடத்தை ஓரளவு நிறம் ஏற்றுக்கொண்டது. அவ்வகராதியின் இரண்டாம் பதிப்பு 20 தொகுதிகளாக 1989இல் வெளிவந்தது. செய்நிரலாளர் இன்று தமக்கேயுரிய வழக்கமெனக் கருதும் இந்நிறமூட்டலின் பிறப்பில் அகராதிக்காரரின் தேவையும் கலந்திருந்தது என்பது கலைப்பீடத்தார் அறிந்து மகிழத்தக்க செய்தி.

தேவை சிறிதாக இருந்தபோது நிறமும் சிறிதாக இருந்தது. திரைகள் இலட்சக்கணக்கான நிறங்களைக் காட்டும் ஆற்றல் பெற்றதும், தொகுப்பிகள் எதனையெல்லாம் இனங்காண முடியுமோ அதற்கெல்லாம் ஒவ்வொரு நிறம் கொடுத்தன. மொழிக்குரிய ஒதுக்கச்சொற்களுக்கு ஊதா, சார்புகளின் பெயர்களுக்கு மஞ்சள், மாறிகளுக்கு இளநீலம், வகைப்பெயர்களுக்குப் பச்சை, குறியீடுகளுக்கு மற்றொன்று என விரிந்து, இறுதியில் நிறமற்ற சொல்லே இல்லாத திரை ஒன்று நமக்குக் கிடைத்தது. எல்லாச் சொல்லையும் அழுத்தி உச்சரிப்பவனின் பேச்சில் அழுத்தம் என்று ஒன்று இல்லை. இத்திரைகளின் நிலையும் அதுவே. இவற்றிடையே ஒரேயொரு கூறு மாத்திரம் மங்கலான சாம்பல் நிறத்துக்குத் தள்ளப்பட்டது. அதுவே குறிப்புரை. அதாவது, இயந்திரம் பொருட்படுத்தாது விட்டுவிடும்படி குறியிட்டு, ஒரு மனிதன் மற்றொரு மனிதனுக்கென மனித மொழியில் எழுதி வைக்கும் வரி. செய்நிரலை மூலம் எனக் கொண்டால் குறிப்புரையே அதன் உரை.

இது வெறும் அழகியற் பிரச்சினையன்று என்பதை நான் உணர்ந்த விதத்தை இங்கே கூறுதல் வேண்டும். மொழியியற் பாடத்துக்கான ஒப்படை ஒன்றின் பொருட்டு, சில சிறுகதைகளில் வரும் வினைமுற்றுக்களின் விகுதிகளைக் கணக்கிட நானும் நண்பர் ஒருவரும் பைதன் மொழியிற் சிறு செய்நிரல் ஒன்றை எழுதினோம். செய்நிரல் பிரித்துக் கொடுத்த சொற்பட்டியலில் பிழைகள் மலிந்திருந்தமையால் இருவரும் மாறிமாறி இரண்டு வாரகாலம் கையாலேயே அதனைத் திருத்தினோம். செய்நிரலை மறுபடி ஓட்டினால் திருத்திய பட்டியலின் மேலேயே புதிய பட்டியல் எழுதப்பட்டுவிடும் என்பதை அறிந்திருந்த நான், அதற்கு மேலுள்ள வரியில், ‘ஓட்டுவதற்கு முன் திருத்திய பட்டியலை வேறிடத்திற் பிரதி செய்க, இல்லையேல் அழியும்’ எனத் தமிழிலேயே ஒரு குறிப்புரை எழுதி வைத்தேன். நண்பர் ஒருநாள் இரவு அதனை ஓட்டினார். பட்டியல் அழிந்தது. அவர் அந்த வரியை வாசிக்கவில்லை. கருந்திரையில், ஊதாவும் மஞ்சளும் இளநீலமும் கண்ணைப் பிடித்திழுக்க, என் எச்சரிக்கை கறுப்பின்மேற் கருஞ்சாம்பலாய்க் கிடந்தது. செய்நிரலை அவ்வாறு எழுதியது என் தவறே. பழைய பட்டியலைத் தானாகவே காப்பாற்றும்படி எழுதியிருத்தல் வேண்டும். ஆயினும், ஆபத்தை அறிவிக்கும் ஒரே வரியை ஆகக் குறைந்த ஒளியில் வைத்த ஒழுங்கு எவருடைய தீர்மானம் என்ற வினா அன்றிலிருந்து என்னைத் தொடர்ந்தது. அத்தொகுப்பியுடன் கூடவே வந்த நிறத்திட்டம் அது. நாங்கள் இருவரும் அதனைத் தேர்ந்தெடுக்கவில்லை. மாற்றலாம் என்றும் எண்ணவில்லை.

அலபாஸ்டர் இவ்வொழுங்கைத் தலைகீழாக்குகிறது. வெண்பளிங்கு போன்ற கல்லொன்றின் பெயரைத் தாங்கிய இத்திட்டம் ‘சப்ளைம் ரெக்ஸ்ற்’ என்னும் தொகுப்பிக்கெனத் தோன்றிப் பின்னர் வேறு பல தொகுப்பிகளுக்கும் பெயர்க்கப்பட்டது. ஏறக்குறைய வெள்ளையான பின்னணி. அதன்மேற் கரிய எழுத்து. நிறம் பெறுவன நான்கு வகைகள் மாத்திரமே. மேற்கோட்குறிக்குள் வரும் சரங்கள் பச்சை, எண் முதலிய மாறிலிகள் ஊதா, ஒரு சார்போ வேறொன்றோ முதன்முதலாகப் பெயரிட்டு வரையறுக்கப்படும் இடம் நீலம், குறிப்புரைகள் சிவப்பு. ஏனையவெல்லாம் கறுப்பே. ஒதுக்கச்சொற்களுக்கு நிறமில்லை என்பதைக் கண்டு பழகியவர்கள் முதலில் திடுக்கிடுவர்.

அந்தத் திடுக்கீட்டை ஆராய்ந்தால் ஆக்கத்தின் கருத்துப் புலப்படும். ஒரு மொழியின் ஒதுக்கச்சொற்கள், உரைநடையில் ‘ஆனால்’, ‘எனின்’, ‘ஆகவே’ என்பன போன்றவை. வாக்கியத்தைத் தாங்கி நிற்பவை அவைதாம். எனினும் அவற்றைத் தேடி எவரும் ஒரு பக்கத்தைப் புரட்டுவதில்லை. மொழியறிந்தவன் கண் அவற்றை நின்று பாராமலே உள்வாங்கிச் செல்லும். அவற்றுக்கு ஒளியூட்டுவது தெரிந்ததையே திரும்பத் திரும்பக் காட்டுவதாகும். வாசகன் தேடுவது வேறு. இந்தப் பெயர் எங்கே பிறந்தது, இந்த எண் எங்கிருந்து வந்தது, இதனை எழுதியவர் என்ன நினைத்து எழுதினார் என்பனவே அவன் வினாக்கள். ஒரு சார்பு நூறு இடத்திற் பயன்படலாம். ஆனால் ஓரிடத்திலேயே வரையறுக்கப்படுகிறது. அலபாஸ்டர் நூறு இடத்தையும் விட்டுவிட்டு அந்த ஓரிடத்தை மாத்திரம் நீலமாக்குகிறது. நிறம் இங்கே இலக்கணக்கூற்றின் பெயர்ப்பலகையாக அமையாமல் தேடலின் கைகாட்டியாக அமைகிறது. ஏனைய பெரும்பாலான திட்டங்கள் ‘இச்சொல் எவ்வகைச் சொல்?’ என்ற வினாவுக்கு விடை கூறுகின்றன. இதுவோ ‘நீ எதனைத் தேடுகிறாய்?’ என வாசகனைக் கேட்கிறது. இவ்வாக்கத்தின் தனிச்சிறப்பு இதுவே எனலாம்.

எளிமை என்ற ஒன்றைக்கொண்டே இதனைப் பாராட்டுவது போதாது. எளிமை வேண்டுமாயின் நிறத்தை அடியோடு கைவிட்டிருக்கலாம். பெல் ஆய்வுகூடத்தில் றொப் பைக் ஆக்கி 1994இல் விவரித்த ‘அக்மி’ என்னும் தொகுப்பி அவ்வாறே செய்தது; வெளிர்மஞ்சட் பின்னணியிற் கரிய எழுத்து, இலக்கண நிறம் எதுவுமில்லை. அதிலும் ஒரு கண்ணியம் உண்டு. ஆனால் அக்மியின் திரையில் என் எச்சரிக்கை வரி ஏனைய வரிகளோடு சமமாக நின்றிருக்குமேயன்றி முந்தி நின்றிராது. துறவு வேறு, தெரிவு வேறு. அலபாஸ்டரின் எளிமை தெரிவினால் வந்தது.

இதனோடு ஒப்புநோக்கத்தக்கது ஈதன் ஸ்கூனோவர் 2011இல் வெளியிட்ட ‘சொலரைஸ்ட்’. நிறத்திட்டம் என்ற சிறு துறையிற் செவ்வியல் நிலை எய்திய ஆக்கம் ஒன்றுண்டாயின் அது இதுவே. 16 நிறங்கள், அவற்றுள் எட்டு பின்னணிக்கும் சாதாரண எழுத்துக்குமான மங்கல் நிறங்கள், எட்டு அழுத்த நிறங்கள். மனிதக் கண் ஒளிர்வை உணரும் முறைக்கு இயைய வகுக்கப்பட்ட ‘சி.ஐ.ஈ. லாப்’ என்னும் அளவுமுறைப்படி இவற்றின் இடைவெளிகள் அளந்து அமைக்கப்பட்டன. அதே நிறங்களைக் கொண்டு வெளிர்திரைக்கும் கருந்திரைக்கும் சமச்சீராக மாறிக்கொள்ளலாம். அமைப்பின் ஒழுங்கில் இதற்கு நிகரானது அரிது. ஆயின் அந்த ஒழுங்கு யாருக்கு என்று கேட்க வேண்டியுள்ளது. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலுள்ள ஒளிமாறுபாட்டை அளக்க, உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் அணுகல் வழிகாட்டிகள் ஒரு விகிதத்தைத் தருகின்றன; சாதாரண எழுத்துக்கு அது 4.5க்கு 1 ஆதல் வேண்டும், உயர்தரத்துக்கு 7க்கு 1. சொலரைஸ்டின் வெளிர்திரையிற் சாதாரண எழுத்தின் விகிதம் ஏறத்தாழ 4.1. குறிப்புரைக்குரிய நிறத்தின் விகிதம் ஏறத்தாழ 2.5. நிறங்களுக்கிடையே இசைவு காண்பதில் இத்துணைக் கணக்குப் பார்த்த ஓர் ஆக்கம், வாசகனின் கண்ணுக்கும் எழுத்துக்கும் இடையிலான கணக்கைத் தளர்த்திவிட்டது. குறிப்புரை இங்கும் மங்கலின் கடைக்கோடியிலேயே நிற்கிறது. உருவம் தன் இசைவுக்காக உள்ளடக்கத்தைப் பின்தள்ளும் போக்கு இலக்கியத்தில் மாத்திரம் நிகழ்வதன்று போலும்.

குறிப்புரையை முன்னிறுத்துவதை எதிர்ப்போரும் உளர். செய்நிரல் மாறும், குறிப்புரை மாறாது நின்றுவிடும், பழைய குறிப்புரை பொய் சொல்லும், ஆகவே அதனை மங்கலாக வைப்பதே நன்று என்பது அவர்கள் கூற்று. இது முற்றாகப் புறக்கணிக்கத்தக்கதன்று. கோப்பின் தலைப்பில் ஒவ்வொரு முறையும் இடம்பெறும் உரிமக் குறிப்பு இருபது வரியிற் செக்கச்செவேலென நிற்பதைக் கண்டால் எவருக்கும் எரிச்சல் வரும். எனினும், பொய்யான குறிப்பு மங்கலாக இருப்பதால் மெய்யாகிவிடுவதில்லை. எவரும் பாராத இடத்தில் அது நெடுங்காலம் வாழ வழி கிடைக்கிறது, அவ்வளவே. சிவப்பில் நின்றால் அதனைத் திருத்தவோ நீக்கவோ கை எழும். அலபாஸ்டருக்கு நான் காணும் உண்மையான இடர்ப்பாடு வேறொன்று. செய்நிரலாளர் தற்காலிகமாக நிறுத்திவைக்க விரும்பும் செய்நிரல் வரிகளையும் குறிப்புரையாகவே குறியிட்டு விடுவர். மனிதனுக்கு எழுதிய சொல்லும், செயலிழக்க வைத்த வரியும் தொகுப்பியின் கண்ணுக்கு ஒன்றே. இரண்டும் ஒரே சிவப்பில் எழுந்து நிற்க, உரத்துப் பேசுவது எது, உறங்கிக் கிடப்பது எது எனத் தெரியாமற் போகிறது. இலக்கணம் மாத்திரம் அறிந்த கருவியால் இதனைத் தீர்க்க இயலாது.

நிறமூட்டலால் வாசிப்பு உண்மையிலேயே மேம்படுகிறதா என்பதும் ஐயத்துக்கு அப்பாற்பட்டதன்று. செய்நிரலாக்கம் பயிலத் தொடங்கிய 390 பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு நிகழ்த்தப்பட்டு 2018இல் வெளியான ஆய்வொன்று, நிறமூட்டல் அவர்கள் விடைகளின் சரிபிழையிற் குறிப்பிடத்தக்க மாற்றம் எதனையும் ஏற்படுத்தவில்லை எனக் கண்டது. இம்முடிவைக்கொண்டு நிறமே வீண் என்று வாதிடுவோர் உண்டு. ஆனால் அங்கே சோதிக்கப்பட்டது எல்லாவற்றுக்கும் நிறம் தரும் வழக்கமான முறையே. தேடுவதற்கு உரியதை மாத்திரம் காட்டும் முறை பற்றி அது எதுவும் கூறவில்லை. கூறுவதாக அவ்வாய்வாளர் உரிமை கொண்டாடவும் இல்லை. வெளிர்திரையா கருந்திரையா என்ற பட்டிமன்றத்தைப் பொறுத்தவரை, டியூசெல்டோர்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர் 2013இல் வெளியிட்ட முடிவுகள் வெளிர்பின்னணியிற் கரிய எழுத்தை வாசித்து அதிலுள்ள பிழை காண்பதே இளையோர்க்கும் முதியோர்க்கும் எளிது என்ற பக்கமே சார்ந்தன. கருந்திரையே மெய்யான செய்நிரலாளனின் அடையாளம் என நம் சகமாணவர் சிலர் கொண்டுள்ள நம்பிக்கைக்குத் திரைப்படங்களைத் தவிர வேறு ஆதாரம் இருப்பதாகத் தெரியவில்லை. அலபாஸ்டருக்குக் கருந்திரை வடிவமும் உண்டு; வேண்டுவோர் கொள்க.

பட்டியல் அழிந்த பின்னர், நானே சென்று நண்பரின் கணினியில் அலபாஸ்டரை நிறுவிக் கொடுத்தேன். பெரிய சீர்திருத்தம் ஒன்றைச் செய்துவிட்ட பெருமிதம் எனக்கு. அவர் சற்று நேரம் பார்த்துவிட்டு, “இதில் எது குறிப்பு, எது சரம் என்று எனக்குத் தெரியவில்லை, இரண்டும் வாழைச்சருகின் நிறந்தான்” என்றார். அவருக்குச் சிவப்பு–பச்சை நிறக்குருடு உண்டு. இரண்டாண்டுகளாக அருகிருந்து பழகியும் எனக்கு அது தெரியாது. வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களுட் பன்னிருவருக்கு ஒருவர் என்ற அளவிற் காணப்படும் ஒரு நிலை இது. பெண்களிடையே மிக அரிது.

இதன் பின்னர் அலபாஸ்டரை மறுபடி அளந்து பார்த்தேன். திரை நிறங்கள் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று எண்களால் 0 முதல் 255 வரை குறிக்கப்படும். அலபாஸ்டரின் குறிப்புரைக்கு 170, 55, 49. சரத்துக்கு 68, 140, 39. பின்னணிக்கு மூன்றும் 247. குறிப்புரையின் ஒளிமாறுபாட்டு விகிதம் ஏறத்தாழ 5.9 ஆக அமைந்து வழிகாட்டியின் அளவைத் தாண்டுகிறது. சரத்தின் விகிதமோ ஏறத்தாழ 3.9, 4.5க்குக் குறைவு. நான்கே நிறங்களைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் பெற்ற ஒருவர், அவற்றுள் இரண்டாகச் சிவப்பையும் பச்சையையும் தேர்ந்ததை எவ்வாறு விளங்கிக்கொள்வது? நிறங்கள் மலிந்த திட்டத்தில் இவ்விரண்டும் மோதுவதைத் தவிர்ப்பது கடினம் என்று சமாதானம் கூறலாம். நான்கு நிறத் திட்டத்துக்கு அச்சமாதானம் செல்லாது. குறைவாகச் சொல்பவனுக்கு ஒவ்வொரு சொல்லுக்கும் பொறுப்பு அதிகம்.

சரத்தைச் சுற்றி மேற்கோட்குறியும், பைதனிற் குறிப்புரைக்கு முன்னே கட்டக்குறியும் இருப்பதால் நிறமின்றியும் அவற்றை வேறுபடுத்தலாம் என்பது உண்மையே. நிறம் மாத்திரமே பொருளுணர்த்தும் வழியாக அமையலாகாது என அவ்வணுகல் வழிகாட்டிகளும் கூறும். ஆனால் குறிகளைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டுமெனில், நண்பரைப் பொறுத்தவரை இத்திட்டத்தின் இரு நிறங்கள் பணி செய்யவில்லை என்பதே பொருள். என் கண்ணுக்கு உரத்துப் பேசிய எச்சரிக்கை அவர் கண்ணுக்குச் சரங்களோடு சரமாய்க் கலந்துவிட்டது.

இவ்விடத்திலேதான் இத்திட்டத்தின் மற்றொரு பண்பு, நான் முதலிற் கவனியாத பண்பு, முன்னுக்கு வந்தது. எல்லா நிறத்திட்டங்களுமே மாற்றத்தக்கவைதாம். பட்டியல் திறந்தே கிடக்கிறது. எண்ணை மாற்றினால் நிறம் மாறும். ஆயினும் மாற்றலாம் என்பதும் மாற்ற இயலும் என்பதும் ஒன்றல்ல. முன்பு நாங்கள் பயன்படுத்திய திட்டத்தின் பட்டியலைத் திறந்து பார்த்தபோது பல நூறு வரிகள் நீண்டன. எந்தக் கூறு எந்த வரியில், ஒன்றை மாற்றினால் வேறெது அதனோடு மோதும் என்பது அதனை ஆக்கியவருக்கே நினைவிருக்குமோ என்னவோ. அங்கே சுதந்திரம் சட்டத்தில் உண்டு, கைக்கு எட்டுவதில்லை. அலபாஸ்டரில் மாற்றவேண்டியவை நான்கு. நான்கையும் ஒருவன் மனத்தில் ஒருங்கே வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றும் எதற்காக நிற்கிறது என்பதும் தெளிவு. சுருக்கம் என்பதை ஆக்கியோனின் இரசனையாகவே பலரும் பேசுகின்றனர். அது வாசகனிடம் அதிகாரத்தைக் கையளிக்கும் ஒரு வழி என்பதே என் துணிபு. நிறங்களைத் தேர்ந்ததிற் புரோகோபொவ் பிழைத்தார்; ஆனால் அப்பிழையை நிறக்குருடான வாசகர் ஒருவர் தாமே திருத்திக்கொள்ளும் அளவுக்கு ஆக்கத்தைச் சிறிதாக வைத்திருந்தார்.

இதற்கு வலுவான மறுப்பொன்று உண்டு. புரொட்டெசிலாவோஸ் ஸ்தாவ்ரு ‘ஈமாக்ஸ்’ என்னும் தொகுப்பிக்கு ஆக்கிய ‘மோடஸ்’ நிறத்திட்டங்களே அம்மறுப்பு. 2019இல் தொடங்கப்பட்டு, 2022இல் வெளியான ஈமாக்ஸின் 28ஆம் பதிப்பிலிருந்து அத்தொகுப்பியுடனேயே வழங்கப்படும் இவை, எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 7க்கு 1 என்ற உயர்தர விகிதத்தை இலக்காகக் கொண்டவை. சிவப்பு–பச்சை வேறுபாடு உணராதோர்க்கும் நீலம்–மஞ்சள் வேறுபாடு உணராதோர்க்கும் அவற்றில் தனித்தனி வடிவங்கள் உள்ளன. தடிப்பு, சாய்வு, தலைப்புகளின் அளவு, நிறங்களின் வீச்சு என எத்தனையோ மாற்றங்களுக்கு இடமுண்டு. அவ்வளவுக்கும் விரிவான கையேடும் உண்டு. வாசகனின் கண்ணை ஆக்கியோன் தாமே நினைத்துப் பார்த்துச் செய்த பணி இது. என் நண்பரை நினையாத அலபாஸ்டரைவிட, அவரை நினைத்து முன்கூட்டியே வழிசெய்த மோடஸ் உயர்ந்ததன்றோ எனக் கேட்டால், அறநோக்கில் ஆம் என்றே கூறுவேன்.

ஆனால் நண்பர் மோடஸைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஈமாக்ஸைப் பயில அவருக்கு நேரமில்லை என்பது ஒரு காரணம். மற்றைய காரணத்தை அவரே கூறினார். அந்த வடிவம் தம்மைப் போன்றோர்க்கெனப் பிறர் ஆக்கியது, நன்றாகவே ஆக்கியிருக்கிறார்கள், ஆனால் தமக்கு எது தெரியும், எது தெரியாது என்பதைத் தாமே பார்த்துத் தீர்மானிக்க விரும்புவதாக அவர் சொன்னார். நிறக்குருட்டிலும் அளவுபேதங்கள் உண்டல்லவா? அவருக்கு எல்லாச் சிவப்பும் மறைவதில்லை. அகன்ற பரப்பாக இருந்தால் ஓரளவு தெரிகிறது. மெல்லிய எழுத்தாக இருந்தால் மறைந்துவிடுகிறது. அலபாஸ்டரின் வடிவங்களுள் ஒன்று எழுத்துக்கு நிறமிடாமல் எழுத்தின் பின்னணிக்கு நிறமிடுவது. வெண்திரையில் மெல்லிய எழுத்து தாங்கும் நிறம் சொற்பம். பின்னணிப் பட்டையோ கண்ணுக்குப் போதிய பரப்பைத் தருகிறது. ஆக்கியோன் இந்நண்பரை எண்ணி அதனைச் செய்தாரோ இல்லையோ, அவருக்கு வழி திறந்தது அங்கேதான்.

அவர் செய்தவை இரண்டே மாற்றங்கள். குறிப்புரைக்குக் கரிய எழுத்தும் மஞ்சட் பின்னணிப் பட்டையும். சரத்துக்கு முன்னதைவிட இருண்ட பச்சை. வரையறைக்குரிய நீலத்தையும் மாறிலிக்குரிய ஊதாவையும் அப்படியே விட்டுவிட்டார். ஒருநாள் மாலை, தேநீர் குடித்து முடிப்பதற்குள் அது முடிந்தது. பட்டியலை மீண்டும் கையால் திருத்தி முடிக்க எங்களுக்குப் பதினொரு நாட்கள் சென்றன.

நாங்கள் பயன்படுத்தும் கணினி அறையில், வெளியேறியவுடன் ஒவ்வொருவருடைய அமைப்புகளும் அழிக்கப்பட்டுவிடும். மறுநாள் வந்து அமர்ந்தால் அதே கருந்திரை, அதே ஊதாவும் மஞ்சளும், அதே சாம்பற் குறிப்புரை. பல நூறு வரித் திட்டத்தைத் தமக்கேற்ப மாற்றிக்கொண்ட மாணவர் ஒருவரை அங்கே நான் கண்டதில்லை. நண்பர் தம் மாற்றங்களைச் சிறு கோப்பொன்றில் எழுதி, நினைவகக் குச்சியிற் போட்டு, சட்டைப்பையில் வைத்திருக்கிறார். கணினியின் முன் அமர்ந்ததும் முதலில் அதனைச் செருகுகிறார். என் திரையிற் சிவப்பாகவும் அவர் திரையில் மஞ்சட் பட்டையின் மீதும் அந்த எச்சரிக்கை வரி இன்னும் இருக்கிறது. பழைய பட்டியலைத் தானாகவே பிரதி செய்யும்படி செய்நிரலைத் திருத்திவிட்டபடியால் இப்போது அது தேவையில்லை என்று நான் சொன்னேன். அவர் அதனை நீக்க உடன்படவில்லை.